சமாதானம் பேசி அனுப்பாத ஆட்கள் தேவை

சில ஆண்டுகளுக்கு முன்னால், ஒரு காவல் நிலையம். பெயர் வேண்டாம். மரபெஞ்சில் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஜவுளிக்கடைப் பை. உள்ளே பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், ஆதார் அட்டை, ஒரு மாற்றுத் துணி. எதிரே அப்பா, தாய்மாமன், ஊர்ப் பெரியவர்கள் இருவர். அப்பா அழுதார். உண்மையாகவே அழுதார். “பொண்ணு வந்தாப் போதும், நாங்க ஒண்ணும் செய்ய மாட்டோம்” என்றார் மாமன். இரவுப் பணி முடியாத களைப்பில் இருந்த அதிகாரி, “பெத்த அப்பாவே அழறாரும்மா, கிளம்பு” என்றார். அவள் என் பக்கம் சாய்ந்து, “அக்கா, மாமா சிரிச்சுப் பேசுனா எனக்குப் பயம்” என்றாள்.

அங்கே ஒரு மணி நேரத்தில் எத்தனையோ பேசப்பட்டது. அந்த ஒரு வரியை மட்டும் யாரும் எந்தக் காகிதத்திலும் எழுதவில்லை. அதை எழுத வைத்த பிறகுதான் அவளை நீதித்துறை நடுவரிடம் அழைத்துப் போனார்கள். “எனக்கு 18 நிரம்பிவிட்டது, வீட்டுக்குப் போக விருப்பமில்லை” என்று அவளே அங்கு சொன்னாள். அன்று அவள் வீட்டுக்குப் போகவில்லை.

அந்த வரியை எழுதும் வேலைக்கு வர நினைப்பவர்களுக்காக இந்தக் கட்டுரை. குறிப்பாகத் திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை பக்கத்துப் பிள்ளைகளுக்காக.

ஏன் இந்தப் பக்கம்? வள்ளியைக் கைப்பிடித்த முருகன் வந்தமர்ந்த மலை என்று தலபுராணம் சொல்லும் ஊர் இது. முகூர்த்த நாளில் மாலையும் கழுத்துமாக ஜோடிகள் மலைமேல் நெருக்கியடிப்பார்கள். சுற்றம் சூழ வருபவர்கள் பலர். இரண்டு நண்பர்களை மட்டும் நம்பி வருபவர்கள் சிலர். ரயிலில் அடுத்த நிலையம் பொன்பாடி. அதைத் தாண்டினால் ஆந்திரம். ம.பொ.சிவஞானம் முன்னின்ற எல்லைப் போராட்டத்தின் பலனாக 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. கோடு போட்டார்களே தவிர, உறவு முறிந்துவிடவில்லை. ஆந்திரத்து நகரியில் பெண் எடுப்பார்கள், இந்தப் பக்கம் பொதட்டூர்பேட்டையில் கொடுப்பார்கள். வீட்டுக்குள் தெலுங்கு, கடைவீதியில் தமிழ். ஓடி வரும் பெண்ணுக்கு அந்த எல்லை ஒரு கதவு. தேடி வரும் மாமனுக்கும் அதே கதவுதான்.

ஒரு சொல்லை முதலில் சரிசெய்துகொள்வோம். சாதி மீறிய காதலுக்காகச் சொந்தக் குடும்பமே கொல்வதை ‘கௌரவக் கொலை’ என்று எழுதாதீர்கள். கொலையில் கௌரவம் எதுவும் இல்லை. இந்தத் துறையில் இருப்பவர்கள் ஆணவக்கொலை என்றுதான் சொல்வார்கள். கொலை என்பது கடைசிப் படி. அதற்கு முன்னால் படிப்பை நிறுத்துவது, கைப்பேசியைப் பிடுங்குவது, அறையில் பூட்டுவது, அவசர அவசரமாகத் தாய்மாமனுக்கு நிச்சயம் செய்வது என்று நீண்ட தூரம் இருக்கிறது. உங்கள் வேலையில் பெரும்பகுதி இந்தத் தூரத்தில்தான் நடக்கும். கொலை நடந்தால் செய்தியாகும். தடுத்துவிட்டால் ஆகாது. பெயர் வேண்டும் என்று வருபவர்களுக்கு இது ஏற்ற இடமில்லை.

சமாதானம் என்ற ஆபத்து

இந்த வேலைக்கு வரும் நல்ல மனசுக்காரர்கள் முதலில் செய்யும் தவறு சமரசம் பேசுவது. குடும்பம் பிரியக் கூடாது, பெற்றவர்கள் பாவம், நாலு பேர் உட்கார்ந்து பேசினால் சரியாகிவிடும். கணவன் மனைவி தகராறில் வேண்டுமானால் இது உதவலாம். ஆணவம் கொதிக்கும் வீட்டில் உதவாது. கோபம் தணிந்ததுபோலத் தெரியும். திட்டம் தணியாது.

உசிலம்பட்டிப் பக்கம் சாதி மறுத்து மணந்த ஒரு பெண் 2014-இல் உயிரிழந்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. அதில் 2016 ஏப்ரலில் நீதிபதி வி.ராமசுப்பிரமணியன் ஓர் உத்தரவு போட்டார். மாவட்டந்தோறும் காவல் கண்காணிப்பாளர், மாவட்ட சமூக நல அலுவலர், ஆதிதிராவிடர் நல அலுவலர் ஆகியோரைக் கொண்ட தனிப்பிரிவு வேண்டும், 24 மணி நேரமும் உதவி எண் வேண்டும் என்றது அந்த உத்தரவு. உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 27 அன்று சக்தி வாகினி வழக்கில் இதையே நாடு முழுமைக்கும் சொன்னது. தம்பதிகளுக்குப் பாதுகாப்பு இல்லம், கடமை தவறும் அதிகாரி மீது துறை நடவடிக்கை, விசாரணையை ஆறு மாதத்துக்குள் முடிக்க முயற்சி என்று விரிவாகவே இருக்கிறது. இந்த இரண்டு தீர்ப்புகளையும் அச்செடுத்து, முக்கியமான பத்திகளில் கோடு போட்டு, பையில் வைத்துக்கொள்ளுங்கள். காவல் நிலையத்தில் உங்கள் குரலைவிட அந்தக் காகிதத்துக்கு மதிப்பு அதிகம்.

இங்கிலாந்தில் கட்டாயத் திருமணம் தொடர்பாகப் பணியாற்றும் காவலர், ஆசிரியர், மருத்துவப் பணியாளர் அனைவருக்கும் ஒரு விதி சொல்லிக் கொடுக்கிறார்கள்: அந்தப் பெண்ணிடம் பேச உங்களுக்குக் கிடைப்பது ஒரே ஒரு வாய்ப்பாக இருக்கலாம். குடும்பத்தாரைக் கூப்பிட்டுப் பேசாதீர்கள் என்பதும் அங்கே எழுத்தில் இருக்கும் வழிகாட்டுதல். விலை கொடுத்துக் கற்ற பாடம் அது. லண்டனில் குர்து குடும்பத்தைச் சேர்ந்த இருபது வயது பனாஸ் மஹ்மூத் பலமுறை போலீசுக்குப் போனாள். யார் யார் தன்னைக் கொல்வார்கள் என்று பெயர்ப்பட்டியலே கொடுத்தாள். தப்பியோடும்போது ஜன்னல் கண்ணாடியை உடைத்ததற்காக அவள் மீதே வழக்குப் போடலாமா என்று யோசித்த அதிகாரியும் இருந்தார். 2006 ஜனவரியில் அவள் கொல்லப்பட்டாள். அப்பாவும் சித்தப்பாவும் தண்டிக்கப்பட்டார்கள்.

ஆகவே, பெண்ணைத் தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள். அம்மா கூட இருக்கட்டும் என்று சொன்னாலும் வேண்டாம். தெலுங்குக்கு மொழிபெயர்க்க உறவினரை வைத்துக்கொள்ளவே கூடாது. “உங்க வீட்டுல யாரைப் பார்த்தாப் பயம்?” என்று கேட்டால் பதில் வரும். “உனக்கு உயிருக்கு ஆபத்தா?” என்று எடுத்த எடுப்பில் கேட்டால், பெரும்பாலும் இல்லை என்றுதான் தலையாட்டுவாள்.

எந்த வாசல் வழியாக வரலாம்

சம்பளத்தோடு கூடிய வேலையா, சேவையா என்று பலர் குழம்புகிறார்கள். இரண்டும் இருக்கிறது.

ஒவ்வொரு மாவட்டத்திலும் சமூக நலத்துறையின் கீழ் ‘சகி’ ஒருங்கிணைந்த சேவை மையம் இயங்குகிறது. இந்தத் திட்டம் 2015-இல் தொடங்கியது. உங்கள் மாவட்டத்துக்கு அது திருவள்ளூரில். மைய நிர்வாகி, வழக்குப் பணியாளர், ஆலோசகர் என்று பணியிடங்கள் உண்டு. சமூகப்பணி அல்லது உளவியல் படிப்பும் கள அனுபவமும் கேட்பார்கள். வேலை சுழற்சி முறையில், இரவிலும் உண்டு. தொகுப்பூதியம்தான், நிரந்தரம் கிடையாது. இதை மறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை, தெரிந்தே வாருங்கள். ஓடி வந்த பெண்ணுக்கு ஐந்து நாள் வரை தங்க இடம், மருத்துவம், சட்ட உதவி, போலீஸ் உதவி எல்லாம் ஒரே கூரைக்கடியில் கிடைப்பது இங்கேதான். 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்கு வரும் அழைப்பும் இங்கே வந்து சேரலாம்.

எம்.எஸ்.டபிள்யூ. படிக்க எழும்பூரில் 1952 முதல் இயங்கும் சென்னை சமூகப்பணிக் கல்லூரி இருக்கிறது. திருத்தணியிலிருந்து மின்சார ரயிலில் போய் வரும் தூரம்தான். திருத்தணி அரசு கலைக் கல்லூரியில் எந்தப் பட்டம் முடித்திருந்தாலும் சமூகப்பணி முதுகலைக்கு முயன்று பார்க்கலாம்.

சட்டம் பிடித்தால் இன்னும் அருகிலேயே கல்லூரி. திருவள்ளூருக்கும் திருத்தணிக்கும் நடுவே பட்டரைப்பெரும்புதூரில் டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி 2018 முதல் இருக்கிறது. ஆணவக்கொலை வழக்கைக் கையில் எடுத்து விடாமல் நிற்கும் வழக்கறிஞர் ஒரு மாவட்டத்துக்கு இரண்டு பேர் இருந்தால் நிலைமையே வேறு. சாதி மறுத்து மணந்த கண்ணகி–முருகேசன் வழக்கைப் பாருங்கள். 2003 ஜூலையில் விருத்தாசலம் அருகே புதுக்கூரைப்பேட்டையில் இருவரும் கொல்லப்பட்டார்கள். வழக்கறிஞர் பொ.ரத்தினம் போன்றவர்கள் விடாமல் நடத்தினார்கள். விசாரணை நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 2021 செப்டம்பரில். தண்டிக்கப்பட்டவர்களில் காவல் அதிகாரிகளும் இருந்தார்கள். உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தண்டனையை உறுதி செய்தது. ஆக, 22 ஆண்டுகள். வேலைக்குச் சேர்ந்த ஆண்டில் தொட்ட கோப்பு, உங்கள் தலை நரைத்த பிறகும் மேசையில் இருக்கலாம்.

மிக எளிய வாசல் மூன்றாவது. நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் வட்டச் சட்டப் பணிகள் குழுவில் சட்டம் சார்ந்த தன்னார்வலராகச் சேர்வது. சுயஉதவிக் குழுப் பெண்கள், மாணவர்கள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் எல்லாம் சேரலாம். பயிற்சி கொடுப்பார்கள். பணி நாளுக்கு மதிப்பூதியம் உண்டு, ஆனால் அதை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது. படித்துக்கொண்டே, தறி ஓட்டிக்கொண்டே கூடச் செய்யலாம். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி உண்டு என்பது 1987-ஆம் ஆண்டுச் சட்டம். நம் ஊர்த் தெருக்களில் இது தெரிந்தவர்கள் எத்தனை பேர்? இதைப் போய்ச் சொல்வதே ஒரு வேலை. சட்ட உதவி எண் 15100.

இயக்கங்களும் இருக்கின்றன. மதுரையில் கதிர் தொடங்கிய எவிடென்ஸ், மாதர் சங்கம், தீண்டாமை ஒழிப்பு முன்னணி போன்றவை கள விசாரணைக்கும் ஆவணப்படுத்தலுக்கும் ஆட்களைப் பழக்கியிருக்கின்றன. உடுமலையில் 2016 மார்ச் 13 அன்று கணவர் சங்கர் வெட்டிக் கொல்லப்பட, தானும் வெட்டுப்பட்டுப் பிழைத்த கௌசல்யா, குமரலிங்கத்தில் சங்கர் பெயரில் சமூகநீதி அறக்கட்டளை தொடங்கினார். பாதிக்கப்பட்டவர் எப்போதும் பாதிக்கப்பட்டவராகவே இருந்துவிட வேண்டியதில்லை. உங்களிடம் வரும் பெண்ணையும் அந்தக் கண்ணோடு பாருங்கள்.

காகிதமும் கைப்பேசியும்

முதல் நாளே பழக வேண்டியது வயதுச் சான்று. 18 நிரம்பாத பிள்ளை என்றால் பாதை முழுக்க வேறு: குழந்தைகள் உதவி எண் 1098, குழந்தைகள் நலக் குழு, போக்சோ சட்டம். இரக்கப்பட்டு உங்கள் வீட்டில் ஒரு ராத்திரி தங்க வைத்தால்கூடக் கடத்தல் வழக்கு உங்கள் மேல் வரலாம். பிள்ளைக்கும் பாதுகாப்பு போகும். பெரியவளாக இருந்தாலும் உங்கள் வீடு வேண்டாம், மையமோ இல்லமோதான் சரி. பையனுக்கு 21 ஆகவில்லை என்றால் திருமணம் சட்டப்படி சிக்கல். ஆனால் 18 நிரம்பிய பெண் யாரோடு எங்கே இருப்பது என்பது அவள் முடிவு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொல்லியிருக்கிறது.

“கோயில்ல தாலி கட்டிட்டாப் போதும்க்கா” என்று வருவார்கள். பொறுமையாகச் சொல்லுங்கள். பல கோயில்களில் வி.ஏ.ஓ.விடம் முதல் திருமணச் சான்று வாங்கி வரச் சொல்வார்கள். சான்று கைக்கு வரும் முன் செய்தி வீட்டுக்குப் போய்விடும். 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம் என்றால் 30 நாள் அறிவிப்பு பலகையில் தொங்கும். இருவரும் இந்துக்கள் என்றால் 1967-இல் அண்ணா ஆட்சியில் வந்த சுயமரியாதைத் திருமணச் சட்டத் திருத்தம் இருக்கிறது. வழக்கறிஞர்கள் முன்னிலையில் நடந்த அப்படிப்பட்ட திருமணமும் செல்லும் என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 2009-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். எது பாதுகாப்பு என்பது ஆளுக்கு ஆள் மாறும். நீங்கள் தேர்ந்தெடுக்காதீர்கள், வழிகளைச் சொல்லுங்கள்.

காதலே இல்லாமல், படிக்கப் போகிறேன் என்று சொன்னதற்காகப் பூட்டி வைக்கப்பட்ட பெண்ணும் வருவாள். குடும்ப வன்முறைச் சட்டம் மருமகளுக்கு மட்டும் என்று ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. 2005-ஆம் ஆண்டு இயற்றிய அந்தச் சட்டம் பிறந்த வீட்டில் அடிபடும் மகளுக்கும் பொருந்தும். பாதுகாப்பு அலுவலர் மூலம் நடுவரிடம் மனு போடலாம்.

அடுத்தது கைப்பேசி. புது சிம் வாங்கிக் கொடுத்துவிட்டோம், முடிந்தது என்று நினைப்பார்கள். பழைய கூகுள் கணக்கு அதில் திறந்தே இருந்தால் அண்ணன் தன் வீட்டிலிருந்தே அவள் இருக்கும் தெருவைப் பார்த்துவிடுவான். ஏ.டி.எம்.மில் ஐந்நூறு ரூபாய் எடுத்தால் குறுஞ்செய்தி அப்பா எண்ணுக்குப் போகும், ஏனெனில் வங்கிக் கணக்கில் இருப்பது அவர் எண். ஆதாரிலும் பெரும்பாலும் அவர் எண்தான், எங்கே ஓ.டி.பி. கேட்டாலும் மணி அடிப்பது வீட்டில். ஆகவே முதல் வேலை, ஆதார் மையத்துக்கு நேரில் அழைத்துப் போய் எண்ணை மாற்றுவது. கைரேகை வைத்தால் போதும், பழைய எண் தேவையில்லை. வங்கி அதற்குப் பிறகு. இந்த வரிசையில் ஒரு படி மாறினாலும் மாமன் பேருந்து ஏறிவிடுவார்.

எல்லை தாண்டிய வழக்கில், “இது நகரி லிமிட், அங்க போங்க” என்று சொல்வார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு, குற்றம் எங்கு நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையமும் புகாரைப் பெற வேண்டும் என்கிறது. பிரிவு எண்ணைச் சொல்லிப் பணிவாகக் கேளுங்கள். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். பையன் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேரலாம். உதவி எண் 14566.

சாட்சி பின்வாங்குவார் என்று எதிர்பார்த்தே வேலை செய்யுங்கள். திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலில் இருந்து 2015 ஜூன் 23 அன்று, ஆணவக்கொலைக்கு ஆளான கோகுல்ராஜ் கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் உடல். முக்கிய சாட்சி நீதிமன்றத்தில் பிறழ்ந்தார். ஆனாலும் 2022 மார்ச் 8 அன்று முக்கியக் குற்றவாளி யுவராஜ் உள்ளிட்ட பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது என்றால், கோயில் கண்காணிப்புக் கேமரா பதிவுக்கு அதில் பெரும் பங்கு உண்டு. கேமரா பதிவுகள் சில நாட்களில் அழிந்துவிடும். ஒரு பெண்ணைக் காணவில்லை என்று தெரிந்த அன்றே, பேருந்து நிலையமோ கோயிலோ லாட்ஜோ, பதிவைப் பாதுகாக்கச் சொல்லிக் கடிதம் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள்.

வேலைக்கான நேர்காணலுக்குப் போகிறவர்கள் வாயை மூடிக்கொண்டு இருக்காதீர்கள். இரவுப் பணிக்கு வண்டி உண்டா? மிரட்டல் வந்தால் நிறுவனம் புகார் கொடுக்குமா, நானே கொடுக்க வேண்டுமா? மாதம் ஒருமுறை மூத்தவர்களோடு உட்கார்ந்து வழக்குகளைப் பேசும் வழக்கம் உண்டா? கடைசிக் கேள்விக்கு விழிக்கும் இடத்தில் சேர வேண்டாம். கேட்ட கதைகள் உள்ளேயே தங்கித் தூக்கத்தைத் தின்னும். நல்ல பணியாளர்கள் இரண்டு வருடத்தில் ஓடிப் போவதற்குச் சம்பளத்தைவிட இது காரணம் என்பது நான் பார்த்தது.

பிரச்சாரம் என்றால் மேடையும் மைக்கும் மட்டும் அல்ல. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. “எங்கள் ஊரில் 18 வயதுக்கு முன் திருமணம் இல்லை; மணம் பற்றிக் கட்டப்பஞ்சாயத்து இல்லை” என்று ஒரு தீர்மானம் கொண்டு வந்து பாருங்கள். கட்டப்பஞ்சாயத்து சட்டவிரோதம் என்று 2011-இலேயே உச்ச நீதிமன்றம், அதுவும் தமிழ்நாட்டு வழக்கில், சொல்லியாகிவிட்டது. தீர்மானம் தோற்றாலும் யார் கை தூக்கினார்கள், யார் தூக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும். நாளை ஒரு பெண் உதவி தேடி வரும்போது எந்த வீட்டுக் கதவைத் தட்டலாம் என்று சொல்ல அது உதவும். தறிக்கூடத்திலும் நூறு நாள் வேலை நடக்கும் இடத்திலும் அம்மாக்களிடம் பேசுங்கள். அவர்கள்தான் மாமன் முகம் மாறுவதை முதலில் பார்ப்பவர்கள்.

2025 ஜூலை 27 அன்று பாளையங்கோட்டையில் மென்பொருள் பொறியாளர் கவின் ஆணவக்கொலை செய்யப்பட்ட பிறகு, இத்தகைய கொலைகளுக்கு எதிரான தனிச்சட்டம் பற்றிப் பரிந்துரைக்க ஓய்வு பெற்ற நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணையம் அமைப்பதாக அக்டோபரில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. தனிச்சட்டம் அவசியம். அது வந்தாலும், காவல் நிலைய பெஞ்சில் அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார ஓர் ஆள் வேண்டும்.

வரும் திங்கட்கிழமை நீதிமன்றம் பக்கம் போங்கள். சட்டப் பணிகள் குழு எங்கே என்று கேட்டால் காட்டுவார்கள். தன்னார்வலர்களை எப்போது எடுக்கிறீர்கள் என்று விசாரியுங்கள். கல்விச் சான்று நகல், ஆதார் நகல், இரண்டு புகைப்படம் கையில் இருக்கட்டும். தெலுங்கு தெரியும் என்றால் விண்ணப்பத்தில் அதை முதல் வரியாக எழுதுங்கள்.